உறைப்பு வேணும்தான், அதுக்காக இப்படியா? கொச்சிக்காயிலும் சில்லி சோஸிலும் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ ராத்திரி நேரம் ஒரு கொத்துக் கடையில் கொஞ்சம் இருந்து பாருங்கள். தட்டு மேசைக்கு வந்ததுதான் தாமதம், ஒரு வாய் கூட வைக்காமல் கை நேரே சில்லி சோஸ் போத்தலுக்குப் போகும். குலுக்கி, கவிழ்த்து, அடியில் தட்டி, ரொட்டி முழுக்கச் சிவக்கிற அளவுக்கு ஊற்றி, அதற்குப் பிறகுதான் முதல் வாய். அந்தக் கொத்தில் ஏற்கெனவே கறி இருக்கிறது, பச்சை மிளகாய் இருக்கிறது, மிளகுத்தூளும் இருக்கலாம். சமைத்தவர் என்ன போட்டார் என்று நாக்குக்குத் தெரியுமுன்னே மேலே ஊற்றியாச்சு. நம்மட ஆட்கள் உறைப்புக்குப் பயந்தவர்கள் இல்லை, சரி. ஆனால் உறைப்பு என்றால் எல்லாம் ஒன்றுதான், கூடக் கூட நல்லது என்ற நினைப்பில்தான் முக்கால்வாசிப் பிழையும் வருகிறது.

முதலில் அந்தப் போத்தலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். கடைகளில் கிடைக்கும் கெட்டியான சில்லி சோஸ் பலவற்றில் தண்ணீர், சீனி, வினாகிரி, உப்பு, கெட்டியாக்க மாச்சத்து என்று பட்டியல் போகும், மிளகாய் இவற்றுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். ஊற்ற ஊற்றக் கூடுவது உறைப்பை விட இனிப்பும் உப்பும்தான். 'இன்னும் உறைக்கல்லையே' என்று மறுபடி கவிழ்த்தால் கொத்து பாணிக்குள் விழுந்த மாதிரி ஆகிவிடும். உறைப்புத்தான் தேவை என்றால் கல்லில் நிற்பவரிடம் "தம்பி, பச்சை மிளகாய் கொஞ்சம் கூடப் போட்டுக் கொத்துங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் கட்டா சம்பல் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் சொன்னது சோஸ் போத்தலுக்கும் சேர்த்துத்தான், கறிச்சட்டிக்கு மட்டும் இல்லை.

தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய சோஸ் வேறு சாதி. டபாஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1868-இல் அமெரிக்காவின் லூசியானாவில் தொடங்கியது, பழுத்த மிளகாயை உப்புடன் அரைத்து மரப் பீப்பாயில் நீண்ட காலம் புளிக்கவிட்டு வினாகிரி சேர்ப்பார்கள், அவ்வளவுதான் அதில் இருக்கும் சாமான். இதைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். பொரித்த மீன், அவித்த முட்டை, கட்லட், ரோல்ஸ் என்று எண்ணெய்ப் பிடிப்பான எதற்கும் அந்தப் புளிப்பு அருமையாகப் பொருந்தும். அதையே கொண்டுபோய் சொதியிலோ பாலாணத்திலோ விட்டால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும். புளி விட்டு வைத்த மீன் ஆணத்துக்கு எந்தச் சோஸும் தேவையில்லை, அதில் புளிப்பும் உறைப்பும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அறக்குளா மீன் வாங்கி, பழப்புளி கரைத்து, சட்டியில் வைத்து எடுத்த கறிக்கு மேல் சோஸ் ஊற்றுகிறவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதை மறைக்கப் போவதில்லை.

எல்லாக் கறிக்கும் ஒரே மிளகாய்த்தூளை அள்ளிப் போடுவது அடுத்த பிழை. பச்சைக் கொச்சிக்காயில் இருப்பது உறைப்பு மட்டுமா, ஒரு பச்சை வாசமும் இருக்கிறதே. சொதிக்கும் பருப்புக்கும் வெள்ளைக்கறிக்கும் அதுதான். இடித்த செத்தல் மிளகாய் சம்பலுக்கு, வறுத்து அரைத்த தூள் இறைச்சிக்கும் நண்டுக்கும். நை மிரிஸ் என்று சந்தையில் விற்கிற சுருங்கின காய் இருக்கிறதே, அது ஹபனேரோவின் இனம். அதை நறுக்கிப் போட்டு வீட்டில் எல்லோரையும் அழவைப்பதை விட, கறி இறக்குகிற நேரம் ஒரு காயை வெட்டாமல் முழுசாகப் போட்டு, வாசம் இறங்கினதும் எடுத்துவிடுங்கள். உறைப்பு கொஞ்சமாகத்தான் இறங்கும், வாசம் முழுக்க வரும். அப்புறம் மிளகு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சாமான், போர்த்துக்கீசர்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள், அதற்கு முந்தி நம் அடுப்பில் உறைத்தது மிளகுதான். ரசத்திலும் பத்தியக் கறியிலும் மட்டும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, முட்டைப் பொரியலுக்குக்கூட மிளகாய்த்தூள் தூவுவது வீண் வேலை.

நிறத்தைப் பார்த்து உறைப்பை அளக்காதீர்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் கண்ணைப் பறிக்கிற சிவப்பு, உறைப்போ குறைவு. ஒரே வீட்டுத் தோட்டத்துச் செடி கூட மாரியில் ஒரு மாதிரி, கச்சான் காற்று வீசுகிற காய்ந்த காலத்தில் ஒரு மாதிரிக் காய்க்கும். தண்ணீர் குறைந்து வாடுகிற செடியில் பெரும்பாலும் உறைப்புக் கூடும். போன மாதம் மூன்று காய் போட்டது சரியாக இருந்தது என்று இந்த மாதமும் மூன்று போட்டால் கணக்குப் பிழைக்கலாம். ஒரு காயின் நுனியை மெல்லிசாகக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நுனியில் உறைப்புக் குறைவு, காம்புப் பக்கம்தான் கூட, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறைப்பு விதையில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இல்லை. காயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள், விதைகளைப் பிடித்துக்கொண்டு வெளிர் நிறத்தில் ஒரு நரம்பு ஓடும், கெப்சைசின் என்கிற உறைப்புச் சத்து உருவாவது அதில்தான். விதையில் ஒட்டியிருப்பது அதிலிருந்து பட்டது. பிள்ளைகளுக்குச் சமைக்கும்போது விதையை மட்டும் தட்டிவிட்டு நரம்பை விட்டுவைத்தால் பிள்ளை அழத்தான் செய்யும். கரண்டி முனையால் நரம்போடு சேர்த்து வழித்து எடுங்கள். கறிமிளகாய்க்குள் மாசியும் வெங்காயமும் அடைத்துப் பொரிக்கும்போதும் இதே வேலைதான், சில காய் திடீரென்று தீயாக இருக்கும். வழித்த கையால் கண்ணைத் தொடாதீர்கள், வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுத் தப்பிவிட்டதாக நினைக்கவும் வேண்டாம். முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தால் இரண்டு தரம் கழுவுங்கள். கெப்சைசின் தண்ணீரில் இலேசில் கரையாது, எண்ணெயில்தான் கரையும்.

வாய் எரியும்போது மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பது பலனில்லாமல் போவதும் இதனால்தான். நாக்கில் சூட்டை உணர்கிற ஒரு வாங்கி இருக்கிறது, ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் 'சுடுது' என்று மூளைக்குச் சொல்லும். கெப்சைசின் அதில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் அதே செய்தியை அனுப்பவைக்கிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. (பறவைகளின் வாங்கி இதற்கு அசையாது. வேலியோரத்துக் கொச்சிக்காயைக் குருவி கொத்திவிட்டுச் சும்மா பறக்கிறதே, அதுதான் விஷயம்.) தண்ணீர் குடித்தால் ஒட்டினது கழராது, வாய் முழுக்கப் பரவும். சோடா குடித்தால் அதன் காஸ் வேறு சேர்ந்து குத்தும். வேண்டியது கொழுப்பும் பால் புரதமும். அதற்கு நாம் எங்கேயும் அலைய வேண்டியதில்லை, வீதியோரக் கடையில் மண் சட்டியோடு விற்கிற எருமைத் தயிர் போதும். ஒரு கரண்டி எடுத்து உடனே விழுங்காமல் நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். தயிர் இல்லையா, பால், அதுவும் இல்லையா, வெறுஞ்சோறு அல்லது கொஞ்சம் சீனி.

போட்டி போட்டுத் தின்பதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. உறைப்பை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் டபாஸ்கோ 2,500 முதல் 5,000 வரை, மேல்நோக்கி நிற்கிற சின்னக் கொச்சிக்காய் இனம் 50,000 முதல் 100,000 வரை, 2023-இல் கின்னஸில் ஏறிய பெப்பர் எக்ஸ் என்கிற மிளகாய் சராசரியாக 26 இலட்சத்துக்கு மேல். அந்த அளவில் ருசி என்று ஒன்று கிடையாது, வயிற்று வலிதான் உண்டு. கேஸ்ட்ரிக் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் காலையிலேயே கட்டா சம்பலில் தொடங்க வேண்டாம், ராத்திரி உறைப்பாகத் தின்றுவிட்டு உடனே படுக்கவும் வேண்டாம். அதே நேரம், வயிற்றுப் புண் மிளகாயால்தான் வருகிறது என்பதும் பிழை. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபெக்டர் பைலோரி என்கிற பக்டீரியாவும் வலிக்குளிசைகளும்தான். மிளகாயை மட்டும் நிறுத்திவிட்டு வலிக்குளிசையைத் தினமும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் டொக்டரிடம் போக வேண்டும்.

மாரி காலத்து ஈரம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நம் பக்கம் நாள்கணக்கில் வெயிலைக் காண முடியாது. சாக்கில் கிடக்கிற செத்தல் மிளகாய் அந்த நாட்களில் பதப்பட்டு, காம்புப் பக்கம் சாம்பல் நிறமாகப் பூக்கும். 'வறுத்து அரைத்தால் சரிதானே' என்று மில்லுக்குக் கொண்டுபோவார்கள். சரியில்லை. சில பூஞ்சணங்கள் விடுகிற அஃப்லடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுக்கிற சூட்டில் அது முழுக்க அழியாது. பூத்ததை வீசுங்கள், நல்லதாகத் தெரிவதைப் பொறுக்கி எடுக்கவும் வேண்டாம். மழைக்கு முன்னே நல்ல வெயிலில் காயவைத்து, காயை ஆட்டினால் விதை கலகலக்கிற பதத்தில் காற்றுப் புகாத போத்தலில் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. தூளை வருஷத்துக்குச் சேர்த்து அரைக்காமல் இரண்டு மூன்று மாதத்துக்கு அரையுங்கள். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடிப் போத்தலில் வைத்தால் வெளிச்சத்தில் நிறமும் வாசமும் போய்விடும். கறிக்குள் நேரே போத்தலைக் கவிழ்த்துத் தூள் கொட்டுவதையும் நிறுத்துங்கள், சட்டியின் ஆவி போத்தலுக்குள் ஏறிக் கட்டிபிடிக்கிறது.

வீட்டில் சோஸ் செய்கிறவர்களுக்கு: பழுத்த கொச்சிக்காய் 500 கிராம் என்றால் உப்பு 15 கிராம், தராசில் நிறுத்தே போடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். கழுவி ஈரம் துடைத்து அரைத்து, உப்புக் கலந்து, கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு அடைத்து, நீர் மேலே நிற்கும்படி அமர்த்தி, மூடியைத் தினமும் ஒரு தரம் திறந்து காற்றை விட்டால் இரண்டு கிழமைக்குள் நல்லாய்ப் புளித்துவிடும். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் வழித்துவிடலாம். பச்சை, கறுப்பு, பஞ்சு மாதிரி எது வந்தாலும் முழுவதையும் கொட்டுங்கள். பிறகு தென்னங்கள் வினாகிரி விட்டு அரைத்து, கொதிக்கவைத்து, ஆறவைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். அலுமினியச் சட்டியில் கொதிக்கவிட வேண்டாம், வினாகிரி அதை அரிக்கும். பச்சை உள்ளியும் எண்ணெயும் சேர்த்து வெளியில் வைக்கிற சோஸ்தான் உண்மையில் ஆபத்தானது. காற்றில்லாத எண்ணெய்க்குள், புளிப்புப் போதாத இடத்தில் பொட்டுலிசம் என்கிற ஆபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி வளரலாம், மணத்தில் ஒன்றும் தெரியாது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது, அதனால்தான் வினாகிரியைக் குறைக்காதீர்கள் என்பது.

கடைசியாக, கறி உறைத்துப்போனால் என்ன செய்வது. தண்ணீர் விட்டால் குழம்பு சப்பென்று ஆகும், உறைப்பு இருக்கிற இடத்தில் இருக்கும். சீனி போட்டால் இனிப்பும் உறைப்பும் சேர்ந்து இன்னொரு கறியாகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் விடுங்கள், மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்து வரும். உறைப்பில் நல்ல பங்கு அந்த எண்ணெயில்தான் கரைந்து நிற்கிறது. அகப்பையைச் சரித்து அதை மெதுவாக வழித்து எடுங்கள், பிறகு முதற்பால் விட்டு ஒரு கொதி வரவிட்டு இறக்கி, தேசிக்காய்ப் புளி வேண்டுமென்றால் இறக்கினதுக்குப் பிறகு விடுங்கள். வழித்த எண்ணெயை வீச வேண்டாம், அடுத்த நாள் புட்டுக்குக் கருவாடு பொரிக்க அதை விடச் சாமான் கிடையாது.