‘திருத்தியாச்சு’ என்று வந்தால் உடனே நம்பாதீர்கள்: பிழைதிருத்தக் குறியீடுகளில் தவிர்க்க வேண்டியவை

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் தங்கள் ரேடியோ புராஜெக்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றிலும் சென்சார் அனுப்பும் டேட்டாவுக்கு ஹேமிங் (7,4) என்ற பிழைதிருத்தக் குறியீட்டைப் போட்டிருந்தார்கள், அதற்கு மேல் வேறு எந்தச் சோதனையும் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. பாரிட்டியை (1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்க்கும் சோதனை பிட்) ஒற்றைக்குப் பதில் இரட்டை என்று வைப்பது, பாட் ரேட் (அனுப்பும் வேகம்) பொருந்தாமல் போவது இதையெல்லாம் நான் தொடப்போவதில்லை, ஐந்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

திருத்தியதைச் சோதிக்காமல் விடுவது

ஹேமிங் (7,4) என்றால் 4 டேட்டா பிட்டுக்கு 3 சோதனை பிட், இந்த 7 பிட்டும் சேர்ந்தது ஒரு குறிச்சொல். எந்த இரண்டு குறிச்சொற்களை எடுத்தாலும் குறைந்தது 3 பிட்டாவது வேறுபடும். அந்த இடைவெளியை வைத்து ஒரு பிட் பிழையைத் திருத்தலாம், அல்லது திருத்தாமல் இரண்டு பிட் பிழை வரை கண்டுபிடிக்கலாம். இரண்டில் ஒன்றுதான். புத்தகத்தில் “ஒன்றைத் திருத்தும், இரண்டைக் கண்டுபிடிக்கும்” என்று அடுத்தடுத்து இருப்பதை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று படித்துவிடுகிறார்கள்.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அனுப்பும் எண் 5, அதாவது 0101. குறிச்சொல் 0100101 (இடமிருந்து 3, 5, 6, 7ஆவது பிட்டுகள் டேட்டா, மற்றவை சோதனை). வழியில் 3ஆவது பிட்டும் 5ஆவது பிட்டும் புரண்டு 0110001 ஆக வந்து சேர்கிறது. ரிசீவர் கணக்குப் போட்டு “6ஆவது பிட்தான் தவறு” என்று சொல்லி, நன்றாக இருந்த 6ஆவதையும் புரட்டுகிறது. கையில் இருப்பது இப்போது 0110011, டேட்டா 1011, அதாவது 11. இரண்டு பிட் பிழை மூன்றாகிவிட்டது, ஆனால் இது முறையான குறிச்சொல் என்பதால் இதற்குப் பிறகு எத்தனை முறை சரிபார்த்தாலும் சுத்தம் என்றுதான் வரும். 7 பிட்டில் இரண்டு பிட்டைத் தேர்ந்தெடுக்க 21 வழி உண்டு, 21லும் தவறான எண்தான் கிடைக்கும்.

எனக்கு இது ஒரு போர்வெல்லில் நடந்தது. தண்ணீர் மட்டத்தை 0 முதல் 15 வரை ஒரு எண்ணாக ரேடியோவில் அனுப்ப வேண்டும், 6க்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு தவறான அளவில் மோட்டார் நின்றுவிடக் கூடாது என்று, தொடர்ந்து மூன்று முறை குறைவு என்று வந்தால் மட்டும் நிறுத்து என்று எழுதியிருந்தேன். ரிசீவரை ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தோம், மோட்டார் ஓடும்போதெல்லாம் இரைச்சல், இரண்டு மூன்று பிட் சேர்ந்தே கெடும். மட்டம் 5க்கு இறங்கியது. 5, 5 என்று வரும், மூன்றாவதாக ஒரு 11 வரும், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. அப்படியே ஓடிக்கொண்டிருந்து, தண்ணீர் இல்லாத குழியில் மோட்டார் காய்ந்து வைண்டிங் எரிந்துவிட்டது. அவ்வளவு நீளக் குழாயையும் கழற்றி மோட்டாரை மேலே எடுத்த அன்று அந்த விவசாயி என்னிடம் ஒரு வார்த்தை கூடக் கோபமாகப் பேசவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. பதிவில் பார்த்தால் “திருத்தப்பட்டவை” என்ற எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை நான் நல்ல செய்தியாக நினைத்திருந்தேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? எட்டாவதாக ஒரு பாரிட்டி பிட் சேர்த்தால் ஒன்றைத் திருத்தி, இரண்டைக் கண்டுபிடிக்க முடியும். சர்வர் மெமரியில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைப்பது இதே முறைதான். ஆனால் மூன்று பிட் கெட்டால் அதுவும் ஏமாறும். அதனால் முழு பாக்கெட்டுக்கும் 16 பிட் சிஆர்சி (பாக்கெட்டின் எல்லா பிட்டுகளையும் வைத்துக் கணக்கிடும் சோதனை எண்) ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள், திருத்திய பிறகு அதைச் சரிபாருங்கள், பொருந்தவில்லை என்றால் பாக்கெட்டையே தூக்கிப் போடுங்கள். அப்புறம், நல்ல பாக்கெட் குறிப்பிட்ட நேரத்துக்குள் வரவில்லை என்றால் மோட்டார் நிற்க வேண்டும். இதை மறந்துவிட்டு சிஆர்சி மட்டும் போட்டால் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு ஓடும்.

மறுபடி கேட்க வழி இருக்கும்போதும் திருத்துவது

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணித அறிஞர் ஹேமிங் வார இறுதியில் கணக்குகளை ஓட்ட விட்டுப் போவார், ஆள் இல்லாத நேரத்தில் பிழை வந்தால் இயந்திரம் அவர் வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்த எரிச்சலில் பிறந்த குறியீட்டைத்தான் 1950இல் வெளியிட்டார். வாயேஜர் விண்கலத்திடமும் கீறல் விழுந்த சிடியிடமும் “இன்னொரு முறை சொல்லு” என்று கேட்க முடியாது, அங்கே திருத்தித்தான் ஆக வேண்டும். இருவழி ரேடியோ வைத்திருக்கும் நீங்கள் கேட்கலாமே. கண்டுபிடி, மறுபடி கேள். பாதி நேரம் அதுவே போதும்.

கொத்தாக வரும் பிழையை மறப்பது

இரைச்சல் பக்கத்து பிட்டுகளைச் சேர்த்தே கெடுக்கும். அதனால் பிட்டுகளைக் கலைத்து அனுப்புங்கள், பக்கத்து பிட்டுகள் ஒரே குறிச்சொல்லில் இருக்க வேண்டாம்.

‘சிஆர்சி-16’ என்று மட்டும் சொல்வது

அந்தப் பெயரில் பல உண்டு. பல்லுறுப்பு (கணக்கில் வகுக்கப் பயன்படும் எண்), தொடக்க மதிப்பு, பிட் வரிசை எல்லாம் மாறும். “123456789” என்ற ஒன்பது எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள், பதின்மத்தில் மோட்பஸுக்கு (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) 19255 வர வேண்டும், எக்ஸ்மோடமுக்கு (பழைய கோப்பு அனுப்பும் முறை) 12739. மோட்பஸில் இன்னொரு வலை: மற்ற எண்களில் உயர் பைட் முதலில் போகும், சிஆர்சியில் மட்டும் தாழ் பைட் முதலில். இரண்டு நாள் இதிலேயே போனவர்களை எனக்குத் தெரியும்.

பைட்டுகளைக் கூட்டி செக்சம் (சரிபார்க்கும் எண்) என்பது

இரண்டு பைட் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை அதேதான், பிழை தெரியாது.

சிஆர்சியைப் பூட்டாக நினைப்பது

வைஃபையின் முதல் பாதுகாப்பு முறையான டபிள்யூஇபி, பாக்கெட் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்ய சிஆர்சி-32ஐ நம்பியது. சாவி தெரியாமலே பிட்டைப் புரட்டி, சிஆர்சியையும் அதற்கேற்ப மாற்றிவிட முடிந்தது. மோட்டாரை வெளி ஆள் போட்டுவிடக் கூடாது என்றால் சாவி வைத்துக் கணக்கிடும் எச்மாக் போன்ற ஒன்று வேண்டும்.

நல்ல பாக்கெட்டை வைத்தே சோதிப்பது

வேண்டுமென்றே இரண்டு பிட்டைக் கெடுத்துப் பாருங்கள்: 16 எண்கள், ஒவ்வொன்றுக்கும் 21 பிட் ஜோடி. மொத்தம் 336 முறை. ஒரு சின்ன லூப் எழுதி இன்று இரவே ஓட்டிப் பாருங்கள்.