கனடாவில் எந்த ஊரில் வெயில் கூட?

கனடா விசா கிடைத்த பிள்ளைகள் மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்கும் கேள்விகளில், வேலைக்கும் வாடகைக்கும் அடுத்தது இதுதான்: “மாமா, எந்த ஊரில வெயில் கூட?” இருபது வருசம் ரொறன்ரோவிலும் இரண்டு குளிர்காலம் கல்கரியிலும் இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். ஏற்கனவே போய் இறங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் கணக்கு. 1981 முதல் 2010 வரையான சராசரிப்படி, கல்கரியில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மணி நேரம் வெயில் அடிக்கிறது. வின்னிபெக்கும் எட்மண்டனும் 2,350ஐ ஒட்டி நிற்கும். ரொறன்ரோ, மொன்றியல் 2,050 சொச்சம். வன்கூவர் 1,940 வரை. கிழக்குக் கோடியில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென் ஜோன்ஸுக்கு 1,630தான்.

இதை அளக்கப் பழைய நாளில் வைத்தது ஒரு கண்ணாடி உருண்டை. வெயில் பட்டால், பின்னால் செருகிய அட்டையில் கருகலாக ஒரு கோடு விழும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் வெயில். சின்ன வயதில் பூதக்கண்ணாடி பிடித்துக் கடதாசியைச் சுட்டோமே, அதே வேலைதான். அந்த உருண்டைக்கு நேரக் கணக்கு மட்டும்தான் தெரியும், நமக்கு உடம்பு சுட்டதா இல்லையா என்பது தெரியாது. நம் ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நமக்கு வெயில் என்றால் சூடு. ஏப்ரல் 10 வாக்கில் மட்டக்களப்புக்கு மேலே சூரியன் உச்சம் கொடுக்கும். மறுகா ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வாசலில் கால் வைக்க ஏலாது. கனடாவில் தை மாதம் நீல வானமாகப் பளிச்சென்று விடிந்தால், அன்றைக்குத்தான் குளிர் எலும்பில் ஏறும். வடதுருவப் பக்கத்துக் குளிர்காற்று வந்து படிந்திருக்கும். போர்வைபோல மூட மேகமும் இல்லாததால், நிலத்தில் இருந்த கொஞ்சச் சூடும் இரவிலேயே பறந்துவிடும். வெயிலில் முன்வரிசையில் நிற்கும் வின்னிபெக்கில் ஜனவரிச் சராசரி மைனஸ் 16 பாகை.

நான் போன முதல் வருசம், யன்னலால் வெயிலைப் பார்த்துவிட்டு, தோய்த்த சாரத்தைப் பல்கனியில் காயப்போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் அது பலகைபோல விறைத்து நிற்கிறது. சுவரில் சாத்தி வைத்தேன், சாயாமல் நின்றது. அறைத் தோழர்கள் அதற்குத் தொப்பி போட்டுப் படம் எடுத்தார்கள்.

சரி, வருடக் கணக்கைப் பார்த்து ஊரைத் தெரிவுசெய்யவும் கூடாது. மார்கழிக் கணக்கைப் பாருங்கள். டிசம்பர் முழுவதற்கும் ரொறன்ரோவுக்குக் கிடைப்பது 80 மணி நேரமளவு, வன்கூவருக்கு 60கூட இல்லை. கல்கரி நூறைத் தாண்டும். ஜூலையில் பார்த்தால் ரொறன்ரோவை வன்கூவர் முந்திவிடும். பசிபிக் கடலின் ஈரம் குளிர்காலத்தில் மேகமாக வந்து மலையில் முட்டி வன்கூவரிலேயே கொட்டித் தீர்க்கிறது. ரொக்கி மலையைக் கடந்து கல்கரிக்கு வருவது வறண்ட காற்று. ரொறன்ரோப் பக்கம், சூடு ஆறாத பெரிய ஏரிகளுக்கு மேலே குளிர்காற்று போவதால் நவம்பரிலேயே வானம் சாம்பல் பூசிவிடும். போதாததற்கு நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். டிசம்பரில் பின்னேரம் 4.40க்குச் சூரியன் போய்விடும். வேலைவிட்டு வெளியே வந்தால் இருட்டு.

உண்மையைச் சொன்னால், வெயிலுக்காக ஊர் மாறுகிறவர் யாரும் இல்லை. சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குத்தான் போவோம். அதனால் ஊரை விடுங்கள், யன்னலைப் பாருங்கள். மார்கழி நடுப்பகலில் மட்டக்களப்பில் சூரியன் 59 பாகை உயரத்தில் நிற்கும், ரொறன்ரோவில் 23தான். அவ்வளவு தாழ நிற்பதால், தெற்குப் பார்த்த யன்னல் என்றால் வெயில் அறைக்குள் நீட்டிப் படுத்துக்கொள்ளும். வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்காலம் முழுக்க ஒரு கீற்றும் வராது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அகப்படுவது பேஸ்மென்ட், வீட்டுக்கு அடியில் நிலத்துக்குள் இருக்கும் தளம். வாடகை குறைவு, யன்னல் முழ அகலம். எடுக்கலாம், ஆனால் பகலில் போய் லைட்டை நிப்பாட்டிவிட்டு ஒருதரம் பாருங்கள்.

உடம்புக்கும் ஒரு வார்த்தை. அங்கத்தைய குளிர்கால வெயிலில் தோல் விற்றமின் டி உண்டாக்குவது மிகக் குறைவு, நம் நிறத்துக்கு இன்னும் குறைவு. அதனால்தான் கடைப் பாலில் அதைச் சட்டப்படி சேர்க்கிறார்கள். பிளேன்டீ மட்டும் குடிப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். நவம்பருக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, படுக்கையைவிட்டு எழும்ப மனமில்லாவிட்டாலோ அதையும் அவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, எனக்கும் வந்தது.

பொங்கல் வரும். ஊரில் ஆறரைக்கு முன்பே சூரியன் எழும்பிவிடும், ரொறன்ரோவில் 7.50 ஆகும், கல்கரியில் எட்டரை. வேலைக்குப் போகிறவர்கள் அதுவரை நிற்க முடியாது. நாங்கள் ஆறு மணிக்கே மின்னடுப்பில் பொங்கி, இருட்டு யன்னலுக்கு முன்னால் படைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்போம். சூரியன் கிடைப்பது பாதி வழியில், பஸ் கண்ணாடியில்.