செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் பாத்ரூம் கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாத்ரூமில் ஊற்றியதெல்லாம் கண்ணை விட்டு மறைந்ததும் ஒழிந்தது என்று நினைத்துவிடுகிறோம். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் அது எங்கும் போவதில்லை. நம் மனையிலேயே, மண்ணுக்குள் இருக்கிறது. டேங்கில் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் கழிவை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் நிற்கும் நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும்.

இந்தப் பாக்டீரியாக்கள் செத்துவிடுமோ என்று பிளீச்சை அறவே ஒதுக்கத் தேவையில்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் ஊற்றித் தேய்த்தால், டேங்கில் இருக்கும் அவ்வளவு தண்ணீரில் கலந்து அதன் வீரியம் போய்விடும். தினமும் பாட்டில் பாட்டிலாகக் கிருமிநாசினி ஊற்றுவதுதான் தவறு. ஃப்ளஷ் தொட்டிக்குள் போடும் குளோரின் வில்லையையும் நான் தவிர்க்கவே சொல்வேன். ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது டேங்குக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

டேங்கை விட முதலில் காக்க வேண்டியது கழுவுகிறவரின் நுரையீரலை. கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சையும் ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சுக்குப் பதில் பிளீச்சிங் பவுடர் என்றாலும் அப்படித்தான், ஆசிட்டுக்குப் பதில் வினிகர் என்றாலும் விலக்கல்ல. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனருடன் பிளீச் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். சின்ன பாத்ரூம், சாத்திய கதவு, குனிந்து தேய்க்கும் முகம்: மூச்சுக்குழாய் வெந்துபோக இதுவே போதும். தொண்டை கமறினால் அங்கேயே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். உடனே வெளியே நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே கிளீனர் என்று வைத்துக்கொள்வது நல்லது. அன்றாட அழுக்குக்கு சோப்புத்தண்ணீரும் பிரஷும் போதும்.

அடைப்பு எடுக்கக் காஸ்டிக் சோடா போடுவதும் வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதிக்கும், முகத்தில் தெறித்தால் கண் போய்விடும். ரப்பர் பம்பு அல்லது ஸ்பிரிங் கம்பியால் முயன்று பாருங்கள். ஈரத் துடைப்பான்களை (வெட் வைப்ஸ்) டாய்லெட் கோப்பையில் போடக் கூடாது, பாக்கெட்டில் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று எழுதியிருந்தாலும் சரி. அவை எளிதில் கரைவதில்லை.

அப்புறம், துணி துவைக்கும் நாளிலேயே ஹோஸ் பிடித்து பாத்ரூமையும் கழுவிவிடாதீர்கள். ஒரேயடியாக இறங்கும் தண்ணீர் அடிச்சேற்றைக் கிளறி உறிஞ்சுகுழிக்குத் தள்ளும். அது அடைத்துக்கொண்டால் சரிசெய்வது பெரும்பாடு.

கழுவியும் நாற்றம் போகவில்லையே என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து அதன் வாசனையே தெரியாமல் போகும், ஆளை நொடியில் சாய்த்துவிடும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், காப்பாற்றுகிறேன் என்று பின்னால் யாரும் இறங்க வேண்டாம். தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.