ஜெனீவா சொன்னதும் சொல்லாததும்

காவடி முடிந்து கோவில் பந்தியில் வாழையிலை போட்டிருந்தார்கள். ஏழு கறியும் இலைக்கு வந்து சேருவதற்குள் பக்கத்தில் இருந்த தம்பி ஆரம்பித்துவிட்டார்: "பெஸ்ட் லூசர் முறையை ஐ.நா. 2012இலேயே ரத்து செய்துவிட்டது அண்ணா, நம் அரசாங்கம்தான் அமுக்கி வைத்திருக்கிறது." பேச்சு மொரிஷியஸின் கிரியோல் மொழியில்தான், இங்கே தமிழாக்கியிருக்கிறேன்.

மொரிஷியஸில் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. பெஸ்ட் லூசர் என்பது, தேர்தலில் தோற்றவர்களில் சிலருக்குச் சமூகப் பிரிவு பார்த்து நாடாளுமன்றத்தில் இடம் தரும் முறை. 2012 ஜூலையில், ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னதை முதலில் பார்ப்போம். நம் அரசமைப்பின் முதல் அட்டவணை மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர் என்று பிரிக்கிறது. "வாழ்க்கை முறையால்" இம்மூன்றிலும் சேராதவர்கள் பொது மக்கள் என்ற நான்காம் பிரிவு. வேட்பாளர் தன் பிரிவை அறிவிக்க வேண்டும். தேர்தலில் வென்ற 62 பேருக்கு மேல் 8 இடங்களை நிரப்புவதற்கான கணக்கு இன்னமும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே நம்பியிருக்கிறது. அதன்பின் எந்தக் கணக்கெடுப்பும் சமூகத்தைக் கேட்கவில்லை. புதிய எண்ணிக்கை இல்லாமல் பிரிவை அறிவி என்று கட்டாயப்படுத்துவது நியாயமற்றது என்றது குழு. எண்ணிக்கையைப் புதுப்பியுங்கள், இந்த முறை இன்னும் தேவைதானா என்று மறுபரிசீலனை செய்யுங்கள் என்றும் சொன்னது. ரத்து என்ற பேச்சே இல்லை. ரத்து செய்யும் அதிகாரமும் குழுவுக்கு இல்லை. அரசமைப்பைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை.

என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட "வாழ்க்கை முறை" என்ற சொல்தான் பெரிய சிக்கல். ஞாயிறன்று மாதா கோவில், தைப்பூசத்தன்று காவடி என்றிருக்கும் வீட்டுக்காரரை எந்தப் பெட்டியில் போடுவது?

குழுவுக்கு ரத்து செய்யும் அதிகாரம் இல்லை என்றதும் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள்: "அப்படியானால் குழு சொன்னது வெறும் காகிதம்." அதுவும் தவறு. 1977இல் வந்த சட்டத்தால் மொரிஷியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு இங்கே வாழும் உரிமை பறிபோனது. ஆணின் வெளிநாட்டு மனைவிக்கு அந்தத் தொல்லை இல்லை. பெண்கள் அதே குழுவிடம் போனார்கள். 1981இல் குழு அவர்கள் பக்கம் நின்றது, 1983இல் சட்டம் மாறியது. பெஸ்ட் லூசர் விஷயத்திலும் 2014இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. பிரிவை அறிவிக்காமலும் போட்டியிடலாம் என்றது, அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும்.

லண்டன் பிரிவி கவுன்சிலையும் ஐ.நா.வோடு ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். வெளியாரின் கண்காணிப்பு அல்ல அது. நம் அரசமைப்பே ஏற்றுக்கொண்ட இறுதி மேல்முறையீட்டு மன்றம், அதன் தீர்ப்பு இங்கே செல்லும். சாகோஸ் தீவுகள் பற்றி 2019இல் ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றம் தந்தது ஆலோசனைக் கருத்து; அதற்கும் பெஸ்ட் லூசர் முறைக்கும் சம்பந்தம் இல்லை.

பாயசம் வரும்வரை தம்பி யோசித்துக்கொண்டிருந்தார். "சரி அண்ணா, நாளைக்கு நான் வேட்புமனு போட்டால் அதில் தமிழர் என்று எழுதலாமா?"

"அந்த நான்கில் தமிழர் கிடையாது, தம்பி."