வாசிப்புக் கூட்டத்தில் எல்லோரையும் பேச வைப்பது எப்படி?

"ஏதாவது கருத்து இருக்கிறதா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டங்களை நடத்தும் நான் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். "கதை எப்படி?" என்பதற்குப் பதிலாக, "அக்கா அந்தக் கடிதத்தைக் கிழித்தது சரியா?" என்று கேளுங்கள். சரி, தப்பு என்று ஒரே சொல்லில்கூடப் பதில் வரலாம். அப்புறம் "ஏன்?" என்றால் போதும், பேச்சு தானாக ஓடும்.

கேட்டபிறகு காத்திருங்கள். கஷ்டமே இதில்தான். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 விநாடிதான் பொறுத்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன. தாமாக முன்வந்து பேசுவதும் கூடியது. எதிரில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டுவார், தொண்டையைச் செருமுவார். பேச வருகிறார் என்று அர்த்தம். தயவுசெய்து குறுக்கே போகாதீர்கள்.

முதலில் பேசியவரை "நல்ல கருத்து" என்று சொல்லி உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது. அவர் சொன்னதையே எடுத்து, "கோபத்தில் கிழிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் பயத்திலா?" என்று தொடருங்கள். தன் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்தமுறையும் பேசுவார். பக்கத்தில் இருப்பவருக்கும் தைரியம் வரும்.

யாராவது மறுத்துப் பேசினால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்; மற்றவர்களிடம் திருப்பிவிடுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுங்கள், பெயர் போடாமல் எழுதட்டும். அவற்றை நீங்களே வாசியுங்கள்.