கல் தெரியும் கான்கிரீட் தரை: கோட்டை விடுவது கழுவும்போதுதான்

போர்ட்டிகோவுக்கோ நடைபாதைக்கோ கல் தெரிகிற மாதிரி கான்கிரீட் போட ஆசைப்படுபவர்கள், எந்த நிறக் கூழாங்கல் வாங்கலாம் என்று கடை கடையாக அலைவார்கள். தரை வீணாவது என்னவோ, மேலே இருக்கும் சிமெண்டைக் கழுவி எடுத்துக் கல்லை வெளியே தெரியவைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். சீக்கிரம் கழுவினால் கல்லெல்லாம் தண்ணீரோடு பெயர்ந்து வரும். தாமதித்தால் மேலே இருக்கும் சிமெண்ட் இறுகிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கடிகாரத்தைப் பார்த்து இதைச் செய்ய முடியாது. ஒரு மூலையில் பிரஷ் போட்டுப் பாருங்கள், சிமெண்ட் கரைந்து கல் அசையாமல் நின்றால் அதுதான் நேரம். மே மாத வெயிலில் ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் வருவதற்குள் முதல் பக்கம் காய்ந்திருக்கும், அதனால் விடியற்காலையில் ஆரம்பித்து, அன்றைக்குக் கழுவி முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் போடுங்கள். பெரிய பரப்பு என்றால் மேற்பரப்பு இறுகுவதைத் தள்ளிப்போடத் தெளிக்கும் ரிடார்டர் என்ற மருந்தை வாங்கிவிடுவது நல்லது, பெரும்பாலும் மறுநாள் நிதானமாகக் கழுவலாம். சர்க்கரைத் தண்ணீர் தெளித்தாலும் இறுகுவது தள்ளிப்போகும், உண்மைதான், ஆனால் சீராக விழாமல் திட்டுத் திட்டாகிவிடும்.

எவ்வளவு கல் தெரிய வேண்டும்? கல்லின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 12 மிமீ கல் என்றால் 4 மிமீ. இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று தோண்டினால் கார் டயர் திரும்பும் இடத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். தட்டையான கல்லும், கழுவாமல் தூசியோடு தூவிய கல்லும் இப்படித்தான் கழலும்.

இறுகிப் போச்சே என்று ஆசிட் ஊற்றுகிற கதையும் உண்டு. மார்பிள் சிப்ஸ், சுண்ணாம்புக் கல் போட்டிருந்தால் சிமெண்டோடு கல்லையும் அது அரித்துவிடும்.

அப்புறம், கழுவியதும் வேலை முடிந்தது என்று மேஸ்திரி கிளம்பிவிடுவார். குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள் தரையை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். 100 மிமீ கனத் தரையில் 3 மீட்டருக்குள் ஒரு ஜாயின்ட் (விரிசல் அந்தக் கோட்டிலேயே விழுவதற்கான வெட்டு) வெட்டாவிட்டால் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

சீலர், அதாவது தரைக்கு மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு, அடிப்பதற்கு ஒரு மாதமாவது பொறுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே அடித்தால் வெள்ளை பூத்துப் போகும், அதைச் சுரண்டி எடுப்பது தரை போட்டதைவிடப் பெரிய வேலை.