காசிமேட்டு மொட்டை மாடியிலிருந்து மேகத்தின் உயரத்தை அளப்பது எப்படி?

வானம் மப்பாக இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த மப்பு 2 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறதா, 14 கிலோமீட்டரிலா என்பதுதான் கண்ணுக்குப் பிடிபடாது. மேலே போகப் போகக் குளிர் கூடும், அதனால் மேக உச்சியின் வெப்பநிலை தெரிந்தால் உயரமும் தெரியும். அதற்குச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படம் வேண்டும். செல்போன், ஒரு தாள், பேனா போதும்.

படி 1: படத்தை எடுப்பது

இந்திய வானிலைத் துறையின் தளத்தில் இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள்களின் படங்கள் கிடைக்கும். விசிபிள் படம் வேண்டாம், ராத்திரியில் அது வெறும் கறுப்பு. 10.3 முதல் 11.3 மைக்ரோமீட்டர் வரை பார்க்கும் அகச்சிவப்புப் படத்தை எடுங்கள். இந்த அலைநீளத்தில் காற்று ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. தரையோ, கடலோ, மேக உச்சியோ வெளிவிடும் வெப்பம் பெரிதாகத் தடைபடாமல் மேலே போகும். வழக்கமான படத்தில் வெள்ளை என்றால் குளிர், கறுப்பு என்றால் சூடு. ஓரத்தில் வெப்பநிலை அளவுகோலோடு வண்ணப் படம் இருந்தால் இன்னும் வசதி.

படத்தில் போட்டிருப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 0900 என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை.

படி 2: நம்ம ஏரியாவைப் பிடிப்பது

வடக்கே 13.1 டிகிரி, கிழக்கே 80.3 டிகிரி. அகச்சிவப்பில் ஒரு பிக்சல் சுமார் 4 கிலோமீட்டர். அதாவது காசிமேடு துறைமுகத்திலிருந்து வடிவுடையம்மன் கோயில் வரை கிட்டத்தட்ட ஒரே புள்ளி. அதனால் சின்னச் சின்னப் பஞ்சு மேகங்களை அளக்க முயலாதீர்கள். புள்ளிக்குள் சுடுகிற தரையும் கலந்து, மேகம் உள்ளதைவிடச் சூடாகத் தெரியும்.

இன்னொரு கோளாறும் உண்டு. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்மைச் சாய்வாகத்தான் பார்க்கிறது. காசிமேட்டுக்கு நேர் மேலே 15 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மேகம், படத்தில் 4 கிலோமீட்டர் வடக்கே தள்ளி, திருவொற்றியூரில் உட்கார்ந்திருக்கும்.

படி 3: வெப்பநிலையை எழுதுவது

கெல்வினில் இருந்தால் 273 கழியுங்கள். 213 கெல்வின் என்றால் மைனஸ் 60 டிகிரி. நிறத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லப் பிடிக்காதவர்கள், இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்து மூலக் கோப்பையே இறக்கலாம். அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு எண் இருக்கும். அதை 1,024 வரிகள் உள்ள அட்டவணையில் தேடினால் வெப்பநிலை கிடைக்கும்.

படி 4: உயரமாக மாற்றுவது

செயற்கைக்கோள் உயரத்தை அளக்கவே இல்லை, வெப்பத்தைத்தான் அளக்கிறது. உயரத்தைச் சொல்வது மீனம்பாக்கத்தில் பறக்கவிடும் வானிலை பலூன். வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் 43279 என்ற நிலைய எண்ணைக் கொடுத்தால், காலை, மாலை ஐந்தரை மணிக்கான அட்டவணைகள் வரும். வெப்பநிலைப் பத்தியில் மைனஸ் 60-ஐத் தேடி, அதே வரியில் உயரத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 13 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பலூன் கிடைக்காத நாளில் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது என்று கணக்குப் போடலாம். தரையில் 30 டிகிரி என்றால், மைனஸ் 60 வரை வித்தியாசம் 90; அதை 6.5-ஆல் வகுக்க 13.8 வரும். மோசமில்லை.

படி 5: மேகம் மெல்லியதா என்று பார்ப்பது

நான் வழுக்கி விழுந்த இடம் இது. ஒரு ஆவணி மாதம், எங்கள் தெருவுக்கு மேல் மைனஸ் 35 டிகிரி காட்டியது. 10 கிலோமீட்டர் உயர மேகம், மழை கொட்டப் போகிறது என்று நினைத்து, மாடியில் காய்ந்த வத்தலை எல்லாம் அம்மாவை அள்ளச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரை வெளிறிய வெயில். "இன்னாடா, ஒரு சொட்டுகூட வர்ல?"

வங்கக் கடலில் இடித்த மேகத்தின் உச்சி காற்றில் இழுபட்டு வந்த பனித்துகள் படலம் அது. மெல்லிய வேட்டி வழியாக விளக்குத் தெரிவதுபோல, அதன் வழியாகத் தரையின் சூடும் கசிந்திருக்கிறது. ஆக, என் 10 கிலோமீட்டரும் தப்பு. உண்மையில் அது இன்னும் உயரத்தில், இன்னும் குளிராக இருந்தது.

இதைப் பிடிக்க, 11.5 முதல் 12.5 மைக்ரோமீட்டர் வரையிலான இரண்டாவது அகச்சிவப்புப் படத்தை எடுத்து, அதே பிக்சலைப் பாருங்கள். பனித்துகள் அங்கே வெப்பத்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும், அதனால் குளிராகக் காட்டும். முதல் படத்தின் வெப்பநிலையிலிருந்து இதைக் கழியுங்கள். குளிர்ந்த பிக்சலில் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் தடித்த மேகம், உங்கள் உயரத்தை நம்பலாம். ஐந்தாறு டிகிரி வந்தால் மெல்லிய படலம், வத்தல் வெயிலிலேயே கிடக்கட்டும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மேகமே இல்லாத வானம்கூட இரண்டு மூன்று டிகிரி காட்டும். சூடான பிக்சலில் இந்தக் கணக்கு வேண்டாம்.

தாழ்ந்த மேகம் வேறு ரகம். அதன் உச்சி 15 டிகிரியில் இருந்தால், படத்தில் கடலோடு கலந்து மங்கலாகவே தெரியும். ராத்திரி நேரமானால் 3.9 மைக்ரோமீட்டர் படத்தையும் பாருங்கள். நீர்த்துளி மேகம் அதில் முதல் படத்தைவிடச் சில டிகிரி கூடுதல் குளிராகத் தெரியும். பகலில் இதைச் செய்ய வேண்டாம், அந்த அலைநீளத்தில் வெயிலும் பட்டுத் திரும்பிக் கணக்கில் கலந்துவிடும்.